பிறவியா, பயிற்சியா?

கணித மேதை ராமானுஜன் பிறவியிலேயே வரம் பெற்றவர் என்று கூறி நம்மவர் திருப்தியடைகின்றனர். பிறவித் திறனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 1903-ல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூலைப் பெற்று, அதிலுள்ள சூத்திரங்களைத் தாமே நிரூபிக்க முனைந்ததும், காகிதத்துக்கு வகையின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் குறித்ததும் வரமன்று; இடைவிடாத அப்பியாசம்.

கல்லூரிப் பரீட்சையில் தவறிய அவரை 1912-ல் துறைமுகக் குமாஸ்தா உத்தியோகம் தாங்கிற்று. 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை அளித்த மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளமே அவருக்கு ஓய்வளித்தது. 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார்.

‘வரம்’ என்று கைகூப்பினால் நம் கடமை தீர்ந்ததாகாது. சிலேட்டும் சோறுமின்றிக் கருகிய மேதைகள் எத்தனையோ! அவை இரண்டையும் ஏழைச் சிறுவர்க்கு அளித்த பிறகன்றோ பிறவியைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு?