கோட்டுக்கு வெளியே நிக்கிற குரல்

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல நிறைய பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க: கோச் கண்டிப்பா இருக்கணுமா, ஃப்ரீயா விடணுமா?

நான் வளர்ந்தது விழுப்புரம் பக்கம் கெடார். ஸ்கூல் விட்டா கபடிதான். ரைடு போறவனுக்கு 30 செகண்ட். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த 30 செகண்டும் வெளியில நின்னு கத்துவார்: "கார்னரைத் தொடு! திரும்பு! வா!" அப்படியே செஞ்சோம், ஜெயிக்கவும் செஞ்சோம். ஒரு வெளியூர் மேட்ச்ல, கூட்டத்தோட இரைச்சல்ல அவர் குரல் எனக்குக் கேக்கல. போனஸ் கோட்டுகிட்ட போய் அப்படியே நின்னுட்டேன். அமுக்கிட்டாங்க. திரும்பி வந்தா டீம் முன்னாடியே திட்டு. அடுத்த வருஷம் நான் விளையாடப் போகல.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்னு இரண்டு உளவியலாளர்கள். மனுஷனுக்கு அடிப்படையா மூணு தேவைன்னு சொல்றாங்க: முடிவு தன் கையில இருக்கணும், தன்னால முடியும்னு தோணணும், கூட இருக்கிறவங்களுக்குத் தான் வேண்டியவன்னு தெரியணும். ஒரே திட்டுல எனக்கு மூணும் போச்சு. இதையே 2003-ல மாஜோ, வாலராண்ட் ரெண்டு பேரும் கோச்சுகளுக்குப் பொருத்திப் பார்த்தாங்க. கட்டுப்பாடே வேண்டாம்னு அவங்க சொல்லல. வரம்பு போடு, அதுக்குள்ள தேர்வு செய்ய விடு, ஏன்னு காரணம் சொல்லு, டீமுக்குள்ள ஒருத்தனை இன்னொருத்தனோட ஒப்பிட்டு மட்டம் தட்டாதேங்கிறாங்க.

நம்ம சென்னை குகேஷை எடுத்துக்கோங்க. கோச் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் சுமார் 2500 வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் என்ஜின் பக்கமே போக விடல. இந்தக் காலத்துல இது ரொம்பக் கண்டிப்பு இல்லையா? ஆனா அந்தத் தடை பறிச்சது ரெடிமேட் பதிலை மட்டும்தான். எந்தக் காயை நகர்த்தறதுன்னு பையன் தானே யோசிச்சாகணும். என் விஷயத்துல யோசிக்கிற வேலையையே பறிச்சுட்டாங்க. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல, 18 வயசுல உலக சாம்பியன் ஆனார். அதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்.

இப்போ ஊருக்குப் போனா சின்னப் பசங்களோட நிக்கிறேன். ரைடு முடிஞ்சதும் "அங்க என்ன பார்த்த?"ன்னு மட்டும் கேக்கணும்னு எனக்கு நானே ஒரு விதி வெச்சிருக்கேன். போன வாரம் அதையும் மீறி "லெஃப்ட்ல போ"ன்னு கத்திட்டேன். பையன் ரைட்ல போய்த் தொட்டுட்டு வந்தான். "கேட்டுச்சுண்ணா, ஆனா அந்தப் பக்கம் இருந்தவன் கால் வழுக்கிட்டான்"னான். நான் நின்ன இடத்துலேர்ந்து அது தெரியவே இல்ல.