ஏழே நாட்கள் நீடித்த ஆண்டு

மென்பொருள் பயிற்சியாளர் என்றால் உலகம் சுற்றும் பாக்கியசாலி என்று பெங்களூரு நண்பர்கள் நினைக்கிறார்கள். விமான நிலையம், ஓட்டல் அறை, வகுப்பறை ஆகிய மூன்றையும்தான் நாங்கள் பெரும்பாலும் பார்க்கிறோம். ஆயினும் ஒரு காப்பீட்டு நிறுவன ஊழியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி அளிக்க டோக்கியோ சென்றபோது, வகுப்பறையே எனக்கு ஜப்பானைக் காட்டிவிட்டது.

இருபது பேர் கொண்ட வகுப்பு. என் ஆங்கிலத்தை ஜப்பானிய மொழியில் சொல்ல ஓர் அம்மையார் இருந்தார். ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். எனவே ஆங்கில வாக்கியத்தின் நடுவில் வரும் வினையை அவர் மனத்தில் ஏந்திக்கொண்டு, கடைசியில் இறக்கி வைப்பார். இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளும் உறவுடையவை என்று வாதிட்டவர் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008). மொழியியலாளர் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. எனக்கென்னவோ அந்த அம்மையாரின் சிரமம் உடனே புரிந்தது.

விசைப்பலகையிலும் ஒரு வேடிக்கை. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்ட நாம் இடும் சாய்கோட்டுக்குப் பதில் அங்கே யென் நாணயக் குறி வருகிறது. 1969ல் வகுத்த தர நிர்ணயத்தில் அந்த எண்ணை யென்னுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரையைப் பார்த்தால் விலைப்பட்டியல் போல் தோன்றும்!

சாப்பாட்டு விஷயம் கேட்காதீர்கள். காய்கறிச் சாறு என்று தருவதிலும் மீன் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டைதான் என்னைக் காப்பாற்றியது.

வகுப்பில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. "புரிகிறதா?" என்றால் இருபது பேரும் "ஹை" என்றார்கள். 'ஆம்' என்பது அகராதிப் பொருள். 'காதில் விழுகிறது' என்பது நடைமுறைப் பொருள். மேலதிகாரி முன்வரிசையில் இருக்கையில், புரியவில்லை என்று இளையவர் எப்படிச் சொல்வார்? மூன்றாம் நாள் மாலை வெற்றுத் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து, பெயரில்லாமல் எழுதிப் போடுங்கள் என்றேன். நாற்பதுக்கு மேல் கேள்விகள்!

அவற்றில் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. "என் மனைவி ஷோவா 64ல் பிறந்தவள். அவள் பெயரை இந்த மென்பொருள் ஏற்க மறுக்கிறது."

ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு ஆண்டைக் குறிப்பது இன்றும் வழக்கம். ஷோவா பேரரசர் 1989 ஜனவரி 7ல் காலமானார். மறுநாளே ஹெய்செய் முதலாம் ஆண்டு பிறந்தது. ஆக, ஷோவா 64 நீடித்தது ஏழே நாட்கள். பெங்களூருவில் எழுதிய நிரலிலோ 1989 முழுவதும் ஹெய்செய் என்று வைத்திருந்தார்கள். மென்பொருள் திங்கட்கிழமை பயன்பாட்டுக்கு வரவேண்டும், அன்று புதன்.

டோக்கியோவில் மாலை ஆறு என்றால் நம் ஊரில் பிற்பகல் இரண்டரை. உடனே தொலைபேசியில் அழைத்தேன். "ஏழு நாளில் எத்தனை பேர் பிறந்திருப்பார்கள்? அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார் பொறுப்பாளர். 1989ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 12 லட்சத்து 40 ஆயிரம். ஏழு நாள் கணக்கு இருபதாயிரத்தைத் தாண்டும் என்றேன். முப்பது வயதைக் கடந்து, குழந்தை குட்டிகளோடு காப்பீடு தேடி வரும் அத்தனை பேரிடமும் 'உங்கள் பிறந்த நாள் தவறு' என்று கணினி சொல்வதா? மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நாளை இரவுக்குள் அனுப்புகிறோம்" என்றார்.

சொன்னபடியே வந்தது. வெள்ளிக்கிழமை காலை இருபது பேரும் 'ஷோவா 64, ஜனவரி 5' என்று தட்டினார்கள். கணினி மறுப்பின்றி ஏற்றது. அப்போது பின்வரிசையில் ஓர் இளைஞர், ஐந்து நாளில் முதன்முறையாக, கையை உயர்த்தினார்.

"ஜனவரி 8 என்று போட்டால்?"

போட்டுப் பார்த்தோம். ஏற்கவில்லை. மேலதிகாரிதான் முதலில் கை தட்டினார்.