கமுதி வேற யுனிவர்சிட்டி

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கபடி அணி இன்றைக்கு மதுரை போய், தேனி தாண்டி, உத்தமபாளையம் வரை பஸ் ஏறும். பழனிக்கும் ஏறும். ஆனால் திருச்சுழியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கமுதிக் கல்லூரியோடு ஆடாது. ஏன் என்று பையன்கள் கேட்டால், "கமுதி வேற யுனிவர்சிட்டிடா தம்பி" என்பதுதான் நான் சொல்லும் பதில். அந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் மாணவனாக ஆடிய காலத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே குடை. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி எல்லாம் அதற்குள். அருப்புக்கோட்டை, கமுதி, காரைக்குடி, பாளையங்கோட்டை, நாகர்கோவில் என எந்த ஊர்க் கல்லூரியும் எந்த ஊர்க் கல்லூரியோடும் மோதலாம். 1985 மார்ச்சில் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர்ப் பக்கம் வந்தன, கமுதி இராமநாதபுரத்திலேயே நின்றுவிட்டது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது, தெற்குச் சீமைக் கல்லூரிகள் மொத்தமாகப் போயின. பின்னாளில் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு மாறின. மதுரையிலேயே நின்ற எங்கள் கையைவிட்டுக் கமுதியும் போயிற்று.

இதில் எனக்கு விசித்திரமாகப் படுவது அரசியல் தலைவர் பி.கே.மூக்கையாத் தேவர் முயற்சியில் எழுந்த மூன்று கல்லூரிகளின் கதை. உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் என மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்று உசிலம்பட்டி மதுரையில், கமுதி அழகப்பாவில், மேலநீலிதநல்லூர் சுந்தரனாரில். பல்கலை நடத்தும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் இவை மூன்றும் ஒன்றையொன்று சந்திக்க வழியே இல்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கலைத்துப்போடல் நடந்தது, அதற்குக் காரணம் டி.வி. அங்கே கல்லூரிகள் வட்டாரக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடும். 2022இல் 'பிக் டென்' என்ற கூட்டமைப்பு, ஏழாண்டு ஒளிபரப்புக்கு 700 கோடி டாலருக்கும் மேல் பேசி முடித்தது. 2024 ஆகஸ்டில் மேற்குக் கரையிலிருந்து யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரிகன், வாஷிங்டன் நான்கும் அதில் போய்ச் சேர்ந்தன. பெயர் 'பத்து', உறுப்பினர் 18! நூறாண்டைத் தாண்டிய 'பேக்-12' கூட்டமைப்பில் அப்போது மிஞ்சியவை இரண்டே கல்லூரிகள். பசிபிக் கரையிலிருக்கும் ஸ்டான்ஃபோர்டு, 'அட்லாண்டிக் கரை' என்று பெயர் வைத்த கூட்டமைப்பில் சேர்ந்தது, அதுவும் ஒளிபரப்புப் பணத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த பங்குக்குச் சம்மதித்து. டி.வி. பணத்தைக் கொண்டுவருவது அமெரிக்கக் கால்பந்து. ஆனால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து, வாரநாளில் ஆடிவிட்டு, மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டியது கைப்பந்தும் சாஃப்ட்பாலும் ஆடும் பெண்கள். ஓக்லஹோமாவின் இரண்டு பல்கலைக்கழகங்களும் நூறு வருடத்துக்கு மேல் மோதிக்கொண்ட கால்பந்து ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றது. டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2011இல் விட்ட சண்டையை 2024இல் மறுபடி பிடித்துக்கொண்டன, இரண்டும் ஒரே கூட்டமைப்புக்குள் வந்ததால்.

நம் ஊரில் கல்லூரிக் கபடியை எந்த டி.வி.யும் காட்டாது. இங்கே கோடு போட்டது இணைவும் தேர்வும். எந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கு இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கட்டுகிறது என்பதுதான் கணக்கு, விளையாட்டு அதற்குப் பின்னால் இழுபட்டுப் போனது. எல்லை சுருங்கினால் வரவும் சுருங்கும். மதுரைப் பல்கலை சமீப ஆண்டுகளில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திணறியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதற்குக் காரணங்கள் பல, பங்கு பிரிந்ததும் அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

அமெரிக்கப் பெண்களுக்கு விமானம், பயணம் என்றால் எங்களுக்கு டி.ஏ. பில். பன்னிரண்டு பையன்கள், ஒரு மேனேஜர். போன பஸ் டிக்கெட் ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் பசை தடவி ஒட்டி, கீழே ஊர்ப் பெயர் எழுதி, கூட்டிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுக்க வேண்டும். ஒரு டிக்கெட் காற்றில் பறந்துவிட்டால் அந்தக் காசு என் பையிலிருந்து. தூரமான ஊரில் ஆட்டம் என்றால் முதல்நாள் ராத்திரியே போய் வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்போம். பேட்டாவில் ஒருவேளை பரோட்டா, காலையில் வாழைப்பழம். விடிந்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது என்பான் ஒருவன், பெரும்பாலும் எங்கள் நல்ல ரெய்டராகத்தான் இருப்பான். கமுதிக்குப் போன காலத்தில் காலை பஸ்ஸில் ஏறி, ஆடிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

இவ்வளவு சொன்ன நான், பிரித்ததே தப்பு என்று சொல்வேன் என நினைப்பீர்கள். சொல்ல மாட்டேன். காரணம், பாரம் மூன்று.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலை அணிக்காக ஆடியவனுக்குக் கொடுக்கிற சான்றிதழ் அது. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் பேசும். நரிக்குடிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மிளகாய் போட்டு மழையைப் பார்த்து நிற்கிற வீட்டுக்கு அது ஒரு நிலப் பட்டா. ஒரு பையனின் அம்மா பஸ் ஏறிக் கல்லூரிக்கே வந்து, "சார், அந்தப் பாரத்துல சீல் விழுந்துருச்சா?" என்று கேட்டு, சீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். மகன் கோப்பை வாங்கிவந்தபோது அவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

கபடியில் ஒரு பல்கலை அணிக்குப் பன்னிரண்டு பேர். நாகர்கோவில் முதல் இராமேசுவரம் வரை ஒரே பல்கலை என்றால் மொத்தச் சீமைக்கும் பன்னிரண்டே இடம். இன்று மூன்று பல்கலை, முப்பத்தாறு இடம். போட்டி சின்னதானது, வாய்ப்பு பெரிதானது. பொறியியல் கல்லூரிக்காரர்கள் இதைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டார்கள். அண்ணா பல்கலையை 2007இல் திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று பிரித்தார்கள், 2010இல் மதுரைக்கும் ஒன்று கொடுத்தார்கள், 2012இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். நிர்வாகத்துக்கு அது சரியோ தப்போ, அந்தந்தப் பல்கலை அணியின் இடங்கள் ஒரே கையெழுத்தில் காணாமல் போயின.

இன்னொரு பக்கம், நிகர்நிலைப் பல்கலைகள். எங்கள் மாவட்டத்திலேயே கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம், சென்னைப் பக்கத்தில் எஸ்.ஆர்.எம். போன்றவை தனி அணியாகவே தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். வடிகட்டும் கல்லூரிப் போட்டி கிடையாது. பீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம் என்று சொன்னால் நல்ல ரெய்டர் ஏன் அருப்புக்கோட்டையில் இருப்பான்? நானே சிலரை "போயிரு தம்பி" என்று அனுப்பியிருக்கிறேன். அணி பலவீனமானது, அந்தப் பையன்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

கமுதியோடு இருந்த பழைய பகையைப் பற்றி ஒன்று. கமுதி ஆட்டம் என்றால் எல்லாம் இனிமை என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டம் கோட்டுக்கு மேலேயே நிற்கும், நடுவர் விசில் ஊதத் தயங்குவார். சாதிக் கலவரம் ஓடிய வருடங்களில் அணியைக் கூட்டிக்கொண்டு வெளியூருக்குப் பஸ் ஏற எனக்கே பயம். பல்கலைகள் பிரிந்தபோது சில முதல்வர்கள் உள்ளுக்குள் நிம்மதியானார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஆட்டம் சாகவில்லை, இடம் மாறிவிட்டது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கிராமங்களில் நடக்கும் ராத்திரிக் கபடியில் அதே பையன்கள் ஊர்ப் பேரில் இறங்குகிறார்கள். திருச்சுழிப் பக்கத்து அணியும் கமுதிப் பக்கத்து அணியும் அங்கே தாராளமாக மோதுகின்றன. கல்லூரியில் மேட் விரித்து ஆடுகிறவன் இங்கே மண்ணில் விழுந்து தோலைக் கிழித்துக்கொள்கிறான். பரிசுப் பணம் உண்டு, பாரம் கிடையாது.

கல்லூரிகளே எல்லை தாண்டி அழைப்புக் கோப்பை நடத்தலாம், தடை ஏதும் இல்லை. நான் ஒருமுறை கமுதிப் பக்கம் பேசி நாள் குறித்தேன். எங்கள் ஆபீசில், பல்கலைச் சுற்றறிக்கை இல்லாத போட்டிக்கு டி.ஏ. கிடையாது என்றார்கள். கடைசியில் அருப்புக்கோட்டைச் சேலைக்கடைக்காரர் ஒருவர் பஸ் காசு தந்தார். பனியன் முதுகில் தன் கடைப் பெயர் வேண்டும் என்றார், போட்டுக்கொடுத்தோம். இருபத்தொன்பதுக்கு இருபத்தாறு, கமுதி ஜெயித்தது.