உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டு எதற்கு?

பெங்களூரின் பீன்யாவில் எந்தக் கார்மென்ட்ஸ் ஆலைக்குள் போனாலும், 'எக்ஸிட்' என்று பச்சை விளக்கு எரியும் ஒரு கதவையாவது பார்க்கலாம். பெரும்பாலும் அது இரும்பில் செய்த இரட்டைக் கதவாக இருக்கும். தரமான கதவுதான், தீயைத் தாங்கும் என்று அதற்குச் சான்றிதழும் இருக்கலாம். ஆனால் அங்கே வேலை செய்யும் ஒரு பெண், சாவி இல்லாமல், செக்யூரிட்டியைக் கூப்பிடாமல், தன் தோளால் ஒரு தள்ளு தள்ளி அந்தக் கதவின் இரண்டு பக்கத்தையும் இந்த நொடியில் திறக்க முடியுமா? முடியாது என்றால் அந்தக் கதவு இருந்தும் பயனில்லை. கதவு இருக்கிறது என்று நம்பி நூறு பேர் அதை நோக்கி ஓடுவார்கள் என்பதால், அது சுவரைவிட ஆபத்தானது.

1970களிலிருந்து வளர்ந்த பீன்யா தொழிற்பேட்டை, தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பகுதிகளில் ஒன்று. லேத் பட்டறை, முலாம் பூசும் யூனிட், பெயின்ட் கடை, தையல் ஆலை எல்லாம் ஒரே தெருவில் சுவரோடு சுவராக நிற்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேலை செய்கின்றன. தையல் லைன்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துணி, நூல் தூசு, அட்டைப்பெட்டி, பாலித்தீன் உறை என்று அவர்களைச் சுற்றியிருப்பதெல்லாம் தீக்கு எளிய இரை.

பூட்டிய வாசல் உயிரைக் குடிக்கும் என்பது பெங்களூருக்குப் புதிய பாடம் இல்லை. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸில் தீப்பிடித்தது. புகை மேல்தளங்களை அடைத்தது. மூச்சு முட்டியவர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கீழே குதித்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவசர வழிகள் பூட்டிக் கிடந்தன, அடைபட்டுக் கிடந்தன என்று தப்பியவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளையும் உறவினர்களையும் இழந்தவர்கள் சேர்ந்து 'பியாண்ட் கார்ல்டன்' என்ற அமைப்பைத் தொடங்கி, தீப் பாதுகாப்புக்காக இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது கண்ணாடி பதித்த அலுவலகக் கட்டடம், அதனால் ஊர் முழுக்கப் பேசியது. பீன்யாவின் உள்தெருவில் உள்ள ஒரு ஷெட்டில் இரவு ஷிப்டில் கதவு பூட்டியிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

ஃபயர் டோருக்கு இரண்டு வேலை உண்டு. உள்ளே இருப்பவரை உடனே வெளியே விட வேண்டும். அவர் போனதும் தானாக மூடிக்கொண்டு தீயையும் புகையையும் படிக்கட்டுக்குள் விடாமல் நிறுத்த வேண்டும். தீப்பிடித்த அறையில் அழுத்தம் ஏறும். சும்மா சாத்தியிருக்கும் கதவை அது தள்ளித் திறந்துவிடும். அதனால் கதவு கொண்டியில் நன்றாகப் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் உள்ளேயிருந்து ஒரு தள்ளு தள்ளியதும் அந்தக் கொண்டி விட்டுவிட வேண்டும். இந்த இரண்டையும் ஒற்றைக் கதவில் செய்வது எளிது. இரட்டைக் கதவில்தான் சிக்கல்.

இரட்டைக் கதவில் ஒரு பக்கம் தினமும் திறந்து மூடுவது. மறுபக்கம் பெரும்பாலும் நிலையாக நிற்பது. நிற்கும் பக்கத்தை மேலே சட்டத்திலும் கீழே தரையிலும் தாழ்ப்பாள் போட்டுப் பிடித்திருப்பார்கள். அந்தத் தாழ்ப்பாள் கதவின் விளிம்புக்குள் புதைந்திருக்கும். திறக்கும் பக்கத்தைத் திறந்த பிறகுதான் விரல் விட்டு அதை இழுக்க முடியும். புகையில், இருட்டில், பின்னாலிருந்து ஐம்பது பேர் நெருக்கும்போது குனிந்து தரைத் தாழ்ப்பாளைத் தேடி இழுக்க யாராலும் ஆகாது. ஆக, கையால் இழுக்கும் டவர் போல்ட்டோ புதைத்த தாழ்ப்பாளோ போட்ட இரட்டைக் கதவில் வெளியேற மிஞ்சுவது பாதி வாசல்தான். 'இந்த வாசல் இத்தனை பேருக்குப் போதும்' என்று வரைபடத்தில் எழுதும்போதோ இரண்டு பக்கத்தின் அகலத்தையும் சேர்த்தே கணக்கிட்டிருப்பார்கள்.

இதற்குச் சரியான கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே பேனிக் பார் போடலாம். இடுப்பு உயரத்தில் குறுக்கே கிடக்கும் அந்தக் கம்பியை உடம்பால் அழுத்தினாலே மேலும் கீழும் போகும் தண்டுகள் விலகி, அந்தப் பக்கம் திறந்துவிடும். எந்தக் கம்பியை யார் அழுத்தினாலும் அந்தப் பக்கம் திறக்க வேண்டும், மறுபக்கத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ஐரோப்பாவின் ஈஎன் 1125 தரத்தின்படி, கம்பியை அழுத்த 80 நியூட்டன், அதாவது சுமார் 8 கிலோ எடையின் அழுத்தத்துக்கு மேல் தேவைப்படக் கூடாது. கூட்டம் கதவின் மேல் சாய்ந்து 1,000 நியூட்டன் அழுத்தம் இருக்கும்போதும் 220 நியூட்டனில் அது விட்டுவிட வேண்டும். வாங்கும்போது சப்ளையரிடம் இந்தச் சோதனைச் சான்றைக் கேட்பது முதலாளியின் பொறுப்பு. இன்னொரு வழி தானியங்கித் தாழ்ப்பாள். திறக்கும் பக்கம் திறந்ததும் நிற்கும் பக்கத்தின் தாழ்ப்பாள்கள் தாமாக உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் இதில் நிற்கும் பக்கம் எப்போதும் மறுபக்கத்தையே நம்பியிருக்கிறது. நிறையப் பேர் வேலை செய்யும் தளத்துக்கு இரண்டு பேனிக் பார்தான் என் பரிந்துரை.

மூடும்போதும் வரிசை தவறக் கூடாது. ஒரு பக்கத்தின் விளிம்பு மறுபக்கத்தின் மேல் படியும்படி செய்த கதவில், நிற்கும் பக்கம் முதலில் மூட வேண்டும், திறக்கும் பக்கம் அதன்மேல் வந்து அமர வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் முட்டி நின்றுவிடும், நடுவில் விரல் நுழையும் இடைவெளி கிடைக்கும். புகைக்கு அது போதும். இந்த வரிசையைக் காக்கச் சட்டத்தின் மேல்புறத்தில் கோஆர்டினேட்டர் என்ற கருவி பொருத்துவார்கள். பல இடங்களில் கதவைத் தானாக மூடும் டோர் க்ளோசர் இருக்கிறது, கோஆர்டினேட்டர் இல்லை. கதவின் விளிம்பில் ஓடும், சூட்டில் பொங்கி இடைவெளியை அடைக்கும் பட்டையையும் பெயின்ட் அடிக்கும்போது பிய்த்துவிடுகிறார்கள். தரைத் தாழ்ப்பாள் இறங்கும் குழியில் நூல் தூசு அடைந்து இறுகிவிடுகிறது. தையல் ஆலையில் அந்தக் குழியை வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது ஊசி மாற்றுவதைப்போல வழக்கமான வேலையாக வேண்டும்.

காந்தப் பூட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடையாள அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகள் பீன்யாவிலும் பெருகிவிட்டன. 'கரண்ட் போனால் தானே திறந்துவிடும்' என்று சூப்பர்வைசர் சொல்வார். அது பாதி உண்மை. அந்தப் பூட்டு யுபிஎஸ்ஸில் ஓடினால், கரண்ட் போனாலும் பேட்டரி தீரும்வரை பூட்டியேதான் இருக்கும். ஃபயர் அலாரம் அடித்த நொடியில் பூட்டுக்குப் போகும் மின்சாரம் அறுபட வேண்டும். அலாரமே வேலை செய்யாவிட்டாலும் அறுப்பதற்குக் கதவருகே கண்ணாடி உடைக்கும் பச்சைப் பெட்டி இருக்க வேண்டும். இரண்டும் இருக்கின்றனவா, இணைத்திருக்கிறார்களா என்று ஒத்திகையில் சோதிக்க வேண்டும்.

'பீஸ் வெளியே போகிறது, அதனால்தான் பூட்டுகிறோம்.' உலகம் முழுக்க முதலாளிகள் சொல்லும் காரணம் இது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஆலையில் 146 பேர் மாண்டபோது, ஒன்பதாவது மாடியின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. திருட்டைத் தடுக்கவே பூட்டு என்றார்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாமல் அவர்கள் விடுதலையானார்கள். இரண்டே ஆண்டுகளில், 1913இல், அவர்களில் ஒருவர் வேறோர் ஆலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காகப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழிகள் அடைபட்டிருந்தன, ஜன்னல்களில் கம்பி. பணம் பறிக்கும் கும்பல் வைத்த தீ என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை யார் வைத்திருந்தாலும், அத்தனை பேரை உள்ளே பிடித்து வைத்தது அந்த அடைப்புதான். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஏற்றுமதி ஆலைகளில் பையர் தணிக்கை வரும் நாளில் மட்டும் கதவு திறந்திருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நம் நாட்டிலும் 1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கைகள் ஒரு வழியை அடைத்திருந்தன, கதவுகள் தாழிடப்பட்டிருந்தன.

திருட்டைத் தடுக்கப் பூட்டு தேவையே இல்லை. பேனிக் பாரோடு இணைந்த எக்ஸிட் அலாரம் இருக்கிறது. யார் கதவைத் தள்ளினாலும் கதவு திறக்கும், கூடவே அது அலறும். வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லாமல் செய்தால் வெளியாள் உள்ளே வர முடியாது. கதவைப் பார்த்து ஒரு கேமரா வைக்கலாம். சங்கிலியும் பூட்டும் மட்டும்தான் வழி என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அது தன் சரக்கைத் தொழிலாளியின் உயிருக்கு மேலே வைக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சட்டம் இதில் வழவழவென்று பேசவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது, உள்ளேயிருந்து எளிதாகவும் உடனடியாகவும் திறக்க முடியாதபடி வெளியேறும் கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு தொடக்கத்திலேயே சொன்னது. 1987 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாப்பாகத் தப்பும் வழியை அமைப்பதும், பராமரிப்பதும், தொழிலாளர் எல்லோருக்கும் அந்த வழியைப் பழக்குவதும் அதே பிரிவின்கீழ் கட்டாயமாயின. சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிபந்தனையும்கூட. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. அதன் 14ஆம் பிரிவை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறலாம். ஏற்பாடு போதவில்லை என்றால் நேரடியாகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ முறையிடலாம். திருப்தி இல்லை என்றால் ஆய்வாளரிடம் போகலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் முதலாளிக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் காவல்துறை தனியாக வழக்குப் பதியலாம்.

காண்ட்ராக்டில் வந்தவர், இன்னும் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் என்று இதில் பேதம் பார்க்க முடியாது. தீ அப்படிப் பார்ப்பதில்லை.

முதலில் உங்கள் தளத்தின் கதவைப் பாருங்கள். ஒத்திகை நாளிலோ, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மதிய இடைவேளையிலோ இரண்டு பக்கத்தையும் தனித்தனியே தள்ளிப் பாருங்கள். முழுதாகத் திறந்து விட்டால் தாமாக மூடி, கொண்டியில் பிடிக்கின்றனவா? பேனிக் பாரில் சங்கிலி சுற்றியிருக்கிறதா? கதவுக்கு முன்னால் கார்ட்டன் அடுக்கியிருக்கிறதா? காற்று வரட்டும் என்று கல்லை அண்டை கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறதா? அதுவும் தப்பு, புகை நேரே படிக்கட்டுக்குப் போகும். கதவைத் தாண்டியும் போய்ப் பாருங்கள். படிக்கட்டின் அடியில் உள்ள கிரில் கேட்டில் பூட்டு தொங்கினால் மேலே எந்தக் கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

குறை இருந்தால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி, எந்தத் தளம், எந்தக் கதவு, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பூட்டியிருந்தது என்று குறித்து, ஹெச்ஆரிடம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பலன் இல்லை என்றால் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் உள்ள கர்நாடக தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கன்னடத்தில் எழுதுவது நல்லது, தெரிந்தவர் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின்பேரில்தான் ஆய்வுக்கு வந்தேன் என்றும் முதலாளியிடம் சொல்லக் கூடாது என்று 1948 சட்டத்திலேயே 118ஏ பிரிவு இருந்தது. நீங்களும் 'என் பெயரை வெளியிட வேண்டாம்' என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதன் பெயரில் அனுப்புவது இன்னும் பாதுகாப்பு.

காயமோ மரணமோ நேர்ந்தால் கைகொடுக்கும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயின் எண் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது உரிமை. வேலையில் காயம்பட்டு விடுப்பில் இருக்கும் நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். உயிர் போனால் அதே கணக்கில் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். பீன்யாவிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது.

இரவு ஷிப்டில் ஆட்களை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போடும் வழக்கம் உங்கள் ஷெட்டில் இருந்தால், அதற்குக் கடிதம், தபால் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த ஷிப்ட் தொடங்கும் முன் பூட்டை எடுக்கச் சொல்லி எல்லோருமாகக் கேளுங்கள். மறுத்தால், உள்ளே போகும் முன் வாசலில் நின்றே 112க்கு அழைத்து, உள்ளே ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டுகிறார்கள் என்று முகவரியோடு சொல்லுங்கள்.