ஒரே நிறத்தில் இரண்டு தெளிப்பான்கள்

36 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் அதிகம் உள்ள கிளைகள். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு நகைப்பை தட்டு மாறி இருந்தால்கூட யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. அப்படிப் பழகின நான், ஓய்வு பெற்றுக் கிணத்துக்கடவு பக்கம் அப்பாவின் மூன்றரை ஏக்கருக்குத் திரும்பிய பிறகு, மண்வெட்டி எங்கே என்று தெரியாமல் தோட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். தென்னை வட்டப்பாத்தியில் கிடக்கும், வாய்க்கால் மடையில் கிடக்கும், மழை பெய்து துருவேறிக் கிடக்கும். கிடைக்காவிட்டால் பொள்ளாச்சி போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வருவேன். வாங்கி வந்த மறுநாள் பழையது கண்ணில் படும்.

இதெல்லாம் சின்ன நஷ்டம். பெரிய நஷ்டத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடிப்பட்டத்தில் 60 சென்ட் தக்காளி வைத்திருந்தோம். நடவு செய்து ஒரு மாதம், பூவெடுக்கிற நேரம். மூன்று சதவீதம் பஞ்சகவ்யம், அதாவது 16 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, அடிக்கச் சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். ஐந்தாறு நாளில் கொழுந்து முறுக்கிக்கொண்டது. இலை அகலம் குறைந்து நூலாகத் தொங்கியது, தண்டு வளைந்தது. இலைச்சுருட்டு நச்சுயிரி என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை கட்டினேன், வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன். ஒன்றும் மாறவில்லை.

எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வரும் அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார். "ஏனுங்க சார், நோவுன்னா அங்கொண்ணு இங்கொண்ணுதானுங்க வரும்? இது வரிசை பிடிச்சாப்ல வந்திருக்குது பாருங்கோ." போய்ப் பார்த்தேன். முதல் டேங்க் அடித்த வரிசைகள் அடியோடு போயிருந்தன. இரண்டாவது டேங்க் வரிசைகளில் பாதிச் சேதம். ஆறாவது டேங்க் அடித்த கடைசி வரிசைகளில் ஒரு கோளாறும் இல்லை. டேங்கில் ஏதோ இருந்திருக்கிறது, அடிக்க அடிக்கக் கழுவிப் போயிருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளைக்கு மோட்டார் ரூமில் பூட்டு இல்லை என்று, அவருடைய பேட்டரி தெளிப்பானை எங்கள் சாளைக் கொட்டகையில் வைத்திருந்தார். என்னுடையதும் அதே கம்பெனி, அதே நிறம். மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்துவிட்டுத் தண்ணீரில் அலசித்தான் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மருந்து 1940களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. புல்லினப் பயிரை விட்டுவிட்டு அகல இலைச் செடியை மட்டும் முறுக்கிக் கொல்லும். தக்காளி, பருத்தி, திராட்சைக்கெல்லாம் துளி பட்டாலே ஆகாது. சாதாரணத் தண்ணீரில் ஒரு தடவை அலசினால் போகாது. ரப்பர் குழாயிலும் வாசரிலும் வடிகட்டியிலும் தங்கிவிடும். ஆள் இருட்டுக் கொட்டகையில் கைக்குக் கிடைத்ததை எடுத்தார், அவ்வளவுதான். தப்பு கொட்டகையில் இருந்தது. கொட்டகை என்னுடையது.

அப்போது நாங்கள் அங்ககச் சான்றுக்குப் பதிவு செய்து இரண்டாவது வருடம். ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாற்றக் காலம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். யாருக்கும் தெரியாமல் செடியைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். "பேசாம உழுதுட்டு வேற நடுங்கோ" என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பண்ணைக் குறிப்பேட்டில் தேதி போட்டு, எந்த வரிசை, எந்தக் கருவி என்று எழுதி, ஆய்வுக்கு வந்தவரிடம் நானே காட்டினேன். அந்த 60 சென்டுக்கு மட்டும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. தக்காளியும் போச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் இருந்ததை எல்லாம் வாசலில் எடுத்துப் போட்டோம். கொட்டகை 10க்கு 8 அடி, முன்வாசல் 20க்கு 12 அடி. இதற்குள் இவ்வளவு பொருளா என்று மலைப்பாக இருந்தது. பண்ணரிவாள் மட்டும் ஏழு. கேட் வால்வு பதினொன்று, அதில் நான்கு பிரிக்காத உறையோடு. சாக்கு அடுக்குக்கு அடியில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. தேங்காய் மட்டை, சாக்கு, எலி மூன்றும் சேர்ந்த இடத்துக்கு விரியன் தானாக வரும். அன்றிலிருந்து தரையோடு எதையும் அடுக்குவதில்லை, ஒரு அடி உயரத்தில் கல்பலகை போட்டுத்தான்.

முதல் அடுக்கல் என் புத்திப்படி நடந்தது. வெட்டுக்கருவி, தோண்டுகருவி, நீர்ப்பாசனம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். பார்க்க வங்கி ஆவண அறை மாதிரியே இருந்தது. பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. அந்த அம்மா சிரித்தார். "நீங்க எழுதி வச்சது நீங்க படிக்கத்தானுங்க. எங்க கை எங்க போகுதோ அங்க வச்சா நாங்க வைக்கறோமுங்க." அவருக்கு எட்டாத உயரத்தில் களைக்கொத்தை மாட்டியிருந்தேன். தினமும் எடுப்பது அதைத்தான்.

தம்பி மகன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறான். அங்கே சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் வரைந்து வைத்திருப்பார்களாம். எது இல்லையோ அந்த உருவம் பல்லிளிக்கும். ஜப்பான்காரர்களின் 5 எஸ் முறை. அதைச் செய்தோம். பழைய கதவுப் பலகையில் அரிவாள், களைக்கொத்து, சூரிக்கத்தி எல்லாவற்றையும் வைத்துச் சுண்ணாம்பால் சுற்றி வரைந்தோம். மண்வெட்டி, கடப்பாரைக்கு 4 அங்குல பிவிசி குழாயை முக்கால் அடியாக வெட்டிச் சுவரில் அடித்து, பிடியைச் சொருகினோம். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு பார்வை போதும். சீட்டு ஒன்றுகூட இல்லை.

வாசலில் ஒரு பாண்டுச் சட்டியில் ஆற்று மணல். செக்கில் கிடைக்கும் எண்ணெய்க் கசடைக் கலந்து வைத்திருக்கிறோம். கழுவின மண்வெட்டியை நாலு தடவை குத்தி எடுத்தால் துரு ஏறாது. சிலர் வண்டியின் பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அது கடைசியில் நம் மண்ணுக்குத்தானே போகும்? வெள்வேலம் பிடிகளுக்கு வருடம் இரண்டு தடவை வேப்பெண்ணெய்.

இடுபொருளில்தான் நான் நிறையத் தப்பு செய்திருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் பொட்டலங்கள். அதில் இருப்பது உயிர். உள்ளே வெந்து போயிருக்கும், நாம் வெறும் பொடியைத்தான் வயலுக்குப் போட்டிருப்போம். இப்போது பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரச்சாக்கு, வேப்பமர நிழல். பொட்டலத்தைத் தனி டப்பாவில் போட்டு உள்ளே வைக்கிறோம். வங்கிக் கிட்டங்கியில் சரக்குப் பார்க்கும்போது சொல்வது போல முதலில் வந்தது முதலில் போகவேண்டும். அதனால் தேதி கிட்டத்தில் முடிவது மேலே. டிரைக்கோடெர்மா பக்கத்தில் போர்டோ கலவைக்கான மயில்துத்தத்தை வைக்கவே கூடாது. தாமிரம் கெட்ட பூஞ்சணம், நல்ல பூஞ்சணம் என்று பார்க்காது. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் பிளாஸ்டிக் பீப்பாயில், நிழலில், துணி கட்டி. இரும்பு டிரம் வேண்டாம்.

விதை அந்தக் கொட்டகையிலேயே இல்லை. வீட்டுக்காரம்மா சமையலறை அட்டாலிக்குக் கொண்டுபோய்விட்டார். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், சூடு 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்று ஹாரிங்டன் என்பவர் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. எங்கம்மா கணக்குத் தெரியாமலே துவரைக்குச் செம்மண் கட்டி, காய வைத்து, குதிருக்குள் போட்டவர்.

தெளிப்பானுக்கு வருகிறேன். எங்களுடையதற்குப் பச்சை பெயிண்ட் அடித்து, பட்டையில் சின்ன மணி ஒன்று கட்டியிருக்கிறோம். எடுத்தால் சத்தம் வரும். வெளி ஆள் பொருளுக்குக் கொட்டகைக்கு வெளியே, மோட்டார் ரூம் பக்கம், சிவப்பு அடித்த தனிக் கொக்கி. மாப்பிள்ளைக்கு ஒரு பூட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, "ஏனுங்க மாமா, அந்தப் பஞ்சகவ்யம் ரெண்டு லிட்டர் இருக்குமுங்களா? தென்னங்கன்னுக்கு ஊத்திப் பாக்கலாம்னு" என்றார். கேனில் ஊற்றிக் கொடுத்து, இரவல் நோட்டில் கேனை மட்டும் எழுதிக்கொண்டேன். கேன் இன்னும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் இடம் பிடித்தாயிற்று, தொரட்டிக்கு மட்டும் இல்லை. 18 அடி மூங்கில், எந்தச் சுவரிலும் நிற்காது. இறவாணத்துக்கு அடியில் கம்பி கட்டிப் படுக்கப் போட்டிருக்கிறேன். நேற்றுக்கூட அதில் தலையை இடித்துக்கொண்டேன்.