மக்கர் செய்யும் ஸ்டிக்கர் எந்திரம்

ஆட்டோவின் பின்புறம் "அம்மா துணை". மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் மகளின் பெயர். மளிகைக் கடைக் கண்ணாடியில் "இன்று ரொக்கம், நாளை கடன்".

ஒரு காலத்தில் இந்த எழுத்துகளை எல்லாம் ஓவியர்கள் தூரிகையால் எழுதினார்கள். இப்போது பெரும்பாலும் தூரிகை எழுதுவது இல்லை. கத்தி எழுதுகிறது!

பளபளப்பான ஸ்டிக்கர் தாளை எழுத்து வடிவில் வெட்டித் தரும் அந்த எந்திரத்துக்கு "கட்டிங் பிளாட்டர்" என்று பெயர். ஸ்டிக்கர் கடைக்காரருக்கு அதுதான் சோறு போடுகிறது.

அது திடீரென்று மக்கர் செய்தால்?

ஆயுத பூசை நெருங்கும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் வாசலில் நிற்கின்றன. எந்திரமோ பாதிப் பெயரை வெட்டிவிட்டுப் பேசாமல் நின்றுவிடுகிறது. காத்திருந்தவர்கள் அடுத்த கடையைப் பார்த்துப் போய்விடுவார்கள். வெளியூரில் இருந்து மெக்கானிக் வர ஒரு நாளோ, இரண்டு நாளோ ஆகும். அவர் வந்து, ஒரு சின்னத் திருகைத் திருப்பிவிட்டு, "சரியாகிவிட்டது" என்பார். பஸ் செலவும் கூலியும் கொடுத்தாக வேண்டும்.

அந்தத் திருகைக் கடைக்காரரே திருப்பி இருக்கலாம். எந்தத் திருகு என்று தெரிந்திருந்தால்!

2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பலகை கட்டாயம் ஆகிவிட்டது. ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டும் நம்பருக்கு அந்த வண்டிகளில் இடம் இல்லை. ஆகவே, கைக்கு வரும் மற்ற வேலை ஒவ்வொன்றும் கடைக்காரருக்கு முக்கியம்.

தோல் சீவும் வேலை

எந்திரத்தின் கோளாறு புரிய வேண்டுமானால், அது செய்யும் வேலை முதலில் புரிய வேண்டும்.

ஸ்டிக்கர் தாளின் மேலே இருப்பது வினைல் என்ற பிளாஸ்டிக் படலம். அதன் அடியில் பசை. அதற்கும் கீழே வழுவழுப்பான பின்தாள். வினைலின் கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கத்தி அதை மட்டும்தான் வெட்ட வேண்டும். பின்தாளில் லேசாகக் கோடு விழலாம், ஓட்டை விழக்கூடாது. சதையைத் தொடாமல் மாங்காய்த் தோலைச் சீவுவது போன்ற வேலை!

எந்திரத்தின் கீழே சொரசொரப்பான உருளைகள் உண்டு. மேலே ரப்பர் உருளைகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே சிக்கிய தாள், முன்னும் பின்னும் நகரும். கத்தி இடமும் வலமும் ஓடும். இந்த இரண்டு ஓட்டமும் சேரும்போது, எப்படிப்பட்ட வளைவும் வந்துவிடும்.

கத்தி என்றால் வீட்டுக் கத்தி போல் இருக்காது. குச்சி போன்ற சிறு பிளேடு. அதன் முனை நடுவில் இருக்காது. சற்று ஒதுங்கி இருக்கும். பல பிளேடுகளில் இந்த ஒதுக்கம் 0.25 மில்லி மீட்டர். சுழல் நாற்காலியின் சக்கரம், இழுத்த பக்கம் தானே திரும்பிக் கொள்கிறது அல்லவா? அதுபோல் பிளேடும் கோடு போகும் பக்கம் தானே திரும்பிக் கொள்ளும். இந்த ஒதுக்கத்தை "ஆப்செட்" என்பார்கள்.

எங்கிருந்து வந்தது?

வினைலை வளையும் பிளாஸ்டிக்காக மாற்றியவர், வால்டோ செமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. ஆண்டு 1926. ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடப் போனார், வினைல் கிடைத்தது!

கம்ப்யூட்டர் மூலம் வினைலில் எழுத்து வெட்டும் எந்திரத்தைக் கடைகளுக்குக் கொண்டு வந்தவர், ஜோசப் கெர்பர். இவர் 1924-ல் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடம் இருந்து தப்பி 1940-ல் அமெரிக்காவுக்குப் போனார். இவருடைய கம்பெனி 1983-ல் "சைன்மேக்கர்" என்ற எந்திரத்தை வெளியிட்டது. இன்று தெருக்கோடிக் கடையில் ஓடும் பிளாட்டருக்கு அதுவே முன்னோடி.

காசு செலவில்லாத இரண்டு சோதனைகள்

தையல்காரரின் எந்திரத்தில் நூல் அறுந்தால் அவர் என்ன செய்கிறார்? மோட்டாரைக் கழற்றுவது இல்லை. ஊசியைப் பார்க்கிறார். நூலைப் பார்க்கிறார். பிளாட்டருக்கும் அதே முறைதான். முதலில் எளிய இடம். கடைசியில் கடினமான இடம்.

கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: ஒன்று, கத்தி. இரண்டு, தாளையும் கத்தியையும் நகர்த்தும் பாகங்கள். மூன்று, கம்ப்யூட்டரும் ஒயரும். இவற்றில் எது குற்றவாளி என்பதை இரண்டு சோதனைகளில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சோதனை: பெரும்பாலான பிளாட்டர்களில் "டெஸ்ட்" பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் எந்திரமே ஒரு சிறு வடிவத்தை வெட்டும். அது சரியாக வெட்டினால், கத்தியும் எந்திரமும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். கம்ப்யூட்டரையும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: "டெஸ்ட்" வெட்டும் கோணலாக வந்தால், கத்தியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எந்திரத்தோடு வரும் பேனாவை மாட்ட வேண்டும். ஆப்செட்டைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் வரையச் சொல்ல வேண்டும். பேனா சரியாக வரைந்தால், குற்றம் கத்திப் பக்கம் இருக்கிறது. பேனாவும் கோணலாக வரைந்தால், உருளையிலோ பெல்ட்டிலோ குற்றம்.

இவ்வளவுதான்! பாதி வைத்தியம் முடிந்துவிட்டது.

வெட்டவே இல்லையா?

"நேற்று வரை நன்றாக வெட்டியது. இன்று உரித்தால் எழுத்தும் கூடவே வருகிறது" என்பது கடைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார்.

முதலில் பிளேடின் முனையைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். மழுங்கியோ முறிந்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். மழுங்கிய பிளேடுக்கு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது பலர் செய்யும் தவறு. அப்போது கத்தி வெட்டாது, கிழிக்கும்.

பிளேடு நன்றாக இருந்தால், அது வெளியே நீட்டி இருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். பிளேடு ஹோல்டரைக் கையில் எடுத்து, ஒரு துண்டு ஸ்டிக்கரில் பேனா பிடித்து எழுதுவது போல் இழுத்துப் பார்க்கலாம். வினைல் அறுந்து, பின்தாளில் லேசான கோடு மட்டும் விழுந்தால் அளவு சரி. பின்தாளும் அறுந்தால், முனை அதிகமாக நீண்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அழுத்தம். சாதாரண வினைலுக்குப் பொதுவாக 80 முதல் 120 கிராம் போதும். ஒளியில் மின்னும் ரிப்ளெக்டிவ் தாள் போன்ற கனமான தாளுக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும். சாதாரணத் தாளுக்கு 45 டிகிரி பிளேடு. கனமான தாளுக்கு 60 டிகிரி பிளேடு.

எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் வெட்டாமல் விடுகிறதா? அப்படியானால் கத்தி மீது குற்றம் இல்லை. கத்தி ஓடும் தடத்தில், தாளுக்கு அடியில் ஒரு மென்மையான பட்டை ஒட்டி இருக்கும். பல நாள் வெட்டியதில் அதில் பள்ளம் விழுந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். பட்டை விலை குறைந்த பொருள். பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டிவிடலாம்.

தமிழ் எழுத்து வைக்கும் பரீட்சை

ஆங்கில எழுத்தில் நேர்கோடுகள் அதிகம். தமிழில் சுழிகளும் புள்ளிகளும் அதிகம். "ண" என்ற ஓர் எழுத்தில் மட்டும் மூன்று சுழி! கத்தியின் குறை தமிழில்தான் முதலில் வெளிச்சத்துக்கு வரும்.

மெய்யெழுத்தின் புள்ளி பறந்துவிட்டால் என்ன ஆகும்? "கண்ணன்" என்ற பெயர் "கணணன" ஆகிவிடும். பணம் கொடுத்தவர் சும்மா இருப்பாரா?

சுழியின் தொடக்கமும் முடிவும் ஒன்று சேராமல் இருந்தால், ஆப்செட் அளவு தவறாக இருக்கலாம். கூர்மையான மூலைகள் மழுங்கி வந்தாலோ, மூலையில் கொக்கி போல் ஒரு துணுக்கு நீண்டாலோ, அதுவும் இதே குறைதான். பிளேடு வந்த உறையில் ஆப்செட் அளவு அச்சிட்டிருந்தால், அந்த எண்ணையே எந்திரத்திலும் கொடுக்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் சுழி சேரவில்லையா? பிளேடு ஹோல்டருக்குள் தலைமுடி போன்ற வினைல் துணுக்கு சிக்கி இருக்கும். பிளேடு தாராளமாகச் சுழல முடியாது. கழற்றி, ஊதித் துடைத்து மாட்டினால் போதும்.

புள்ளி மட்டும் பெயர்ந்து வந்தால், வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சிறிய வட்டத்தில் கத்தி திரும்புவதற்கு நேரம் வேண்டும் அல்லவா?

எழுத்து சாய்கிறதா?

சிறிய பெயர் சரியாக வருகிறது. ஆறு அடி நீளப் பெயர்ப் பலகை வெட்டினால் மட்டும், போகப் போகக் கோணலாகிறது. இது தாளின் குற்றம். தாளை மாட்டிய கையின் குற்றம்.

ரப்பர் உருளைகள், கீழே உள்ள சொரசொரப்பான உருளைகளுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சற்று விலகினாலும் பிடிப்பு இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்த வேண்டும். கீழ் உருளையில் வினைல் துணுக்கும் தூசியும் படிந்தால் தாள் வழுக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம்.

இன்னொன்று: கனமான சுருளை எந்திரமே இழுக்கும்படி விடக்கூடாது. வேலைக்கு வேண்டிய நீளத்தை முன்னதாகவே உருவித் தளர்வாக விட்டுவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் சொன்னது காதில் விழவில்லை!

"டெஸ்ட்" வெட்டு நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்து அனுப்பினால் மட்டும் எந்திரம் அசையவில்லை அல்லது கன்னாபின்னா என்று ஓடுகிறது. என்ன காரணம்?

கம்ப்யூட்டரும் எந்திரமும் பேசும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 9600 என்று இருந்தால், மறுபக்கமும் 9600 என்றே இருக்க வேண்டும். ஒயரை வேறு துளையில் மாற்றிச் செருகினால், கம்ப்யூட்டர் அதற்கு வேறு "போர்ட்" எண் கொடுத்துவிடும். பழைய எண்ணுக்கே வேலையை அனுப்பிக் கொண்டிருந்தால் எந்திரம் எப்படி அசையும்? ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிப் பார்க்கலாம்.

பாதியில் நின்றால், ஒயர் தளர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டர் "ஸ்லீப்" நிலைக்குப் போயிருக்கலாம். வினைல் உரசி ஓடுவதால் உண்டாகும் நிலை மின்சாரமும் எந்திரத்தைக் குழப்பும். கடையில் "எர்த்" இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பது நல்லது.

படமும் குற்றவாளி ஆகலாம். வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தை அப்படியே அனுப்பினால் பிளாட்டர் வெட்டாது. கத்திக்குத் தெரிந்தது கோடு மட்டும்தான். படத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும். எழுத்தின் மீது எழுத்து ஏறி நின்றால், கத்தி இரண்டையும் குறுக்கே வெட்டிவிடும். "வெல்டு" செய்து ஒன்றாக்கிவிட வேண்டும்.

ஒரு மீட்டர் கேட்டால் ஒன்றரை சென்டி மீட்டர் கூடவோ குறையவோ வருகிறதா? பல பிளாட்டர்கள் ஓர் அங்குலத்தை 1,016 படிகளாகக் கணக்கிடும். கம்ப்யூட்டரில் 1,000 என்று இருந்தால் அளவு பிசகும். எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

கை வைக்கக் கூடாத இடம்

மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது கடைக்காரர் வேலை அல்ல. எரிந்த வாடை வந்தாலோ, மோட்டார் அலறினாலோ, பெல்ட் அறுந்தாலோ, உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். எந்திரம் ஓடும்போது கத்தி வண்டியைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. கழற்றிய பழைய பிளேடைத் தரையில் போடக் கூடாது. கடைக்கு வரும் குழந்தைகளின் காலைப் பதம் பார்த்துவிடும். மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு

பழுது பார்க்கும்போது ஒரே நேரத்தில் நான்கு திருகைத் திருப்பினால், எது குற்றம் என்று கடைசி வரை தெரியாது. முன்னே சரியாக இருந்ததும் கெட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதும் சோதித்துப் பார்க்க வேண்டும். பயன் இல்லை என்றால், பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்தத் தாளுக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், எந்தப் பிளேடு, என்றைக்கு மாற்றியது என்று எழுதி வைக்க வேண்டும். எந்திரம் நன்றாக ஓடும் நாளில்தான் இதை எழுத வேண்டும். முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில், கடையைப் பார்த்துக் கொள்ளும் மனைவியோ மகனோ அந்த நோட்டைப் பார்த்தே எந்திரத்தை மீண்டும் ஓடவிடலாம்.

அதன் பிறகும் எந்திரம் அசையாவிட்டால், மெக்கானிக்குக்கு டெலிபோன் செய்யலாம். "மிஷின் ரிப்பேர்" என்று மட்டும் சொன்னால், அவர் வெறுங்கையோடு வருவார். "டெஸ்ட் வெட்டும் கோணல், பேனாவும் கோணல், உருளையைத் துடைத்துப் பார்த்தாகிவிட்டது" என்று சொன்னால், வேண்டிய பாகத்தைக் கையோடு கொண்டு வருவார். ஒரு நடை மிச்சம்!