பாட்டுக்குப் பூட்டும் பாடகர் பங்கும்

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் அங்கே பாதாளத்தில் இறங்கி உழைத்தவருள் பெரும் பகுதியினர் தமிழர். ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைத்த பொன் சிறிதளவே. பொன்னைக் காவல் காத்தது. கூலியை நிர்ணயித்தது ஒப்பந்தம். இன்றைய இசை வாணிபத்தை விளங்கிக்கொள்ள இந்த வேற்றுமை உதவும்.

இணையத்தில் விற்கப்பட்ட பாட்டுக்கு முன்னர் நகல் தடுப்புப் பூட்டு ஒன்று இருந்தது. அனுமதி பெற்ற கருவியில் மட்டுமே பாட்டை ஒலிக்கச் செய்வது அதன் வேலை. 2003இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடை, பூட்டிய பாட்டொன்றை 99 சென்டுக்கு விற்றது. விலை கொடுத்தவர் கட்டுப்பட்டார். திருட்டு நகல் எடுத்தவரோ கட்டின்றிக் கேட்டார். ஆகவே 2009இல் பூட்டு நீக்கப்பட்டு, 69, 99, 129 சென்ட் என மூன்று விலைகள் வகுக்கப்பட்டன.

தங்கவயலுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் பிளிப்கார்ட் நிறுவனம், 2012 பிப்ரவரியில் 'பிளைட்' என்னும் இசைக் கடையைத் திறந்தது. பூட்டில்லாத பாட்டுகள் ஆறு ரூபாய் முதல் கிடைத்தன. எனினும் 2013 ஜூனில் கடை மூடப்பட்டது. திருட்டு நகலும், சிறு தொகை செலுத்துவதிலிருந்த சிரமமும் காரணங்களாகக் கூறப்பட்டன.

பின்னர்ச் சந்தா முறை பரவியது. சந்தாவும் விளம்பர வருவாயும் பொது நிதியாகத் திரண்டு, பாட்டு ஒலித்த எண்ணிக்கைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. ஆயிரக்கணக்கான பாட்டுகளை உடைய நிறுவனத்துக்குச் சிறு துளி பெருவெள்ளமாகிறது. தங்கவயலிலோ வடசென்னையிலோ சொந்தச் செலவில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்யும் சுயேச்சைக் கலைஞருக்கு அது துளியாகவே நிற்கிறது. மேலும், முந்தைய 12 மாதங்களில் 1000 முறையேனும் ஒலிக்காத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பங்கில்லை என்று ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024இல் விதித்தது.

நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டையும் தொட்டது. பதிப்புரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கையும் உறுதி செய்தது. இவற்றுள் இரண்டாவதே கலைஞரின் அடுப்பை எரியச் செய்வது. அறியப்படாத கலைஞருக்குக் களவைவிடக் கொடிய பகை, கேட்பாரின்மை. கேட்கும் செவியைப் பூட்டு தடுக்கக்கூடும். நியாயமான பங்கை அது தேடித் தாராது.

ஆகவே கலைஞர்கள் ஒப்பந்தத்தை முழுதும் படித்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். நாமும், மனத்துக்கு உகந்த பாட்டை, இயன்றபோது அதைப் படைத்தவரிடமே விலைக்கு வாங்குவோமாக. அகழ்ந்தவர் கைக்கும் பொன் சிறிது சேரட்டும்.